அருவருப்பில்லாத மனுசி

அவவை நான் முதல் முதல் கண்டது ஒரு கக்கூசுக்குள்ளை. எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை பின்பக்கக் கக்கூசு, அடைச்சுப்போனது.

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணக் கோட்டையடியிலை சண்டை தொடங்கி, கரையோரச் சனம் முழுக்க உடுத்த உடுப்போடை உள்ளுக்கு ஓடி வந்த நேரம். இணுவிலிலை நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை குருநகர்ச் சனம் மட்டும் இருநூறு பேர் இருந்திருப்பினம். கக்கூசு நாலு. அஞ்சாம் நாள் நாலும் நிரம்பி வழிஞ்சுது. அதிபர் என்னைப் பிடிச்சு, "ரீச்சர், சுகாதாரத்துக்கு நீங்கள்தானே பொறுப்பு, ஒருக்காப் போய்ப் பாருங்கோ" எண்டார். அந்த மனுசனுக்கு என்னிலை என்ன கோவமோ தெரியாது. நான் ஊரறிஞ்ச அருவருப்புக்காரி. பிறத்தியாரின்ரை கோப்பையிலை தேத்தண்ணி குடிக்க மாட்டன். பஸ்ஸிலை கம்பியைப் பிடிச்சா வீட்டை வந்து சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒரு சாமானிலையும் முட்ட மாட்டன். லேஞ்சியிலை ஓடிக்கொலோனை ஊத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு போனன்.

போனா, உள்ளுக்கை ஒரு மனுசி குந்தியிருக்கிறா. சீலையை முழங்காலுக்கு மேலை சொருகிப்போட்டு, முழங்கை மட்டும் கையை அந்தக் குழிக்குள்ளை விட்டுத் துழாவுறா. என்ரை முருகா! நான் பார்த்துக்கொண்டு நிக்கவே ஒரு சின்னப்பிள்ளைச் சட்டையை இழுத்து வெளியிலை எடுத்தா. "இந்தா, உதுதான் அடைச்சுக்கொண்டிருந்தது" எண்டு எனக்குக் காட்டினா. நான் அந்த இடத்திலையே சத்தி எடுத்தன். அவ சிரிக்கவுமில்லை, பரிதாபப்படவுமில்லை. "மூக்கைப் பொத்தினா வாயாலை போகும், ரீச்சர். சும்மா மூச்சு விடுங்கோ, பழகிப்போம்" எண்டு சொல்லி, நான் எடுத்த சத்தியையும் சேர்த்து ஒரு வாளித் தண்ணியாலை கழுவி விட்டா.

அவவுக்கு அப்ப நாப்பத்தைஞ்சு வயசு. என்னிலும் ரெண்டு வயசு இளமை. புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத ஆள், உடம்பும் கிடைக்கேல்லை. பிள்ளையும் இல்லை. இதெல்லாம் பிறகு துண்டு துண்டா நான் கேட்டு அறிஞ்சது. தன்னைப் பற்றி அவவாய்க் கதைக்கிறது குறைவு. அவ வாயிலை வாறது ஒரே சொல்லு: "உடம்புதானே." ஆரும் பேதி போய் நாறிக்கொண்டு கிடந்தாலும் அதுதான். பெட்டையளின்ரை தலையிலை ஈர் பேனாய் நெளிஞ்சாலும் அதுதான். செத்து ரெண்டு நாளாய்க் கிணத்திலை மிதந்த பூனையை இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தபோது மட்டும் கொஞ்சம் மாத்திச் சொன்னா. "அதுக்கும் உடம்புதானே, ரீச்சர்."

எனக்கு எரிச்சல் வரும். எப்பிடி ஒரு மனுசிக்கு மூஞ்சை சுழியாமல் இருக்கும் எண்டு உத்து உத்துப் பார்ப்பன். ஒருநாளும் சுழிச்சதில்லை.

என்ரை அம்மா பாரிசவாதம் வந்து விழுந்ததும் அந்த வருசம்தான். இடப்பக்கம் முழுக்க இழுத்துப்போட்டுது. எனக்கு ஒரேயொரு தம்பி, கொக்குவிலிலை பெண்சாதி பிள்ளையளோடை இருந்தவன், அரசாங்க உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையிலை வருவான். வாசல்நிலையிலை சாஞ்சு நிண்டு "அம்மா, எப்பிடி?" எண்டு கேப்பான். கிட்டப் போக மாட்டான். மச்சாள் அதுக்கும் மேலை. அறைப்பக்கமே தலை காட்டாள், குசினியிலை நிண்டு "பாவம் மாமி" எண்டு பெருமூச்சு விடுவாள். பெருமூச்சு விடக் காசோ, பணமோ!

அவையைச் சொல்லி என்ன? பெத்த தாயின்ரை பீயை அள்ள எனக்கே ஏலேல்லை. அள்ளி முடிச்சுக் கிணத்தடிக்கு ஓடிச் சத்தி எடுப்பன். நான் ஓங்காளிக்கிற சத்தம் அம்மாவுக்குக் கேக்கும். படுக்கையிலை கிடந்து கேட்டுக்கொண்டு, திரும்பி வரேக்கை என்ரை முகத்தைப் பாராமல் சுவரைப் பார்ப்பா. இதை எழுதேக்கையும் என்னிலை எனக்கே துப்ப வேணும் போல கிடக்கு.

அப்பதான் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவவைக் கேட்டன், கிழமையிலை மூண்டு நாள் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி விட ஏலுமோ எண்டு. சம்பளத்துக்குத்தான் கேட்டன். ஒளிக்கேல்லை. வந்தா. முதல் நாள் அம்மா வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டா. பாதி நாக்காலை "மச்சம்... மச்சம்" எண்டு சொல்லித் தலையை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டா. மீன் தின்னிற கையாலை தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாவாம். எங்கடை வீட்டிலை நாங்களும் மீன் தின்னிறனாங்கள்தான், வெள்ளி செவ்வாய் தவிர்த்து! ஆனா அது எங்கடை கை, இது கரைப்பக்கத்துக் கை. இதுதான் எங்கடை ஊர்ச் சுத்தம், கண்டறியாத சுத்தம்.

அவ கோவிக்கேல்லை. "ரெண்டு தரம் கழுவிப்போட்டன் அம்மா, மூண்டாந்தரமும் கழுவவோ?" எண்டு கேட்டுக் கழுவினா. நாலாம் தரமும் கழுவினா. அஞ்சாந்தரம் அம்மாவுக்கே சிரிப்பு வந்து வாயைத் திறந்தா. மூண்டு மாசம் போக, நான் சோறு தீத்தினா அம்மா துப்புவா, அவ தீத்தினா முழுங்குவா. படுக்கைப்புண் வந்து முதுகிலை பள்ளமாய்ப் போனபோது, ஒவ்வொரு நாளும் அதுக்குள்ளை மஞ்சளும் மருந்தும் வைச்சுக் கட்டினது அவதான். அந்த அறைக்குள்ளை வந்த மணத்தை இப்ப நினைச்சாலும் எனக்குக் குமட்டும். அவ அதுக்குள்ளையிருந்து பாட்டும் படிப்பா, சோறும் தின்னுவா.

பள்ளிக்கூடத்திலை இருந்த சனம் கலைஞ்சு போன பிறகு அவ எங்கடை வீட்டிலையே தங்கிட்டா. முதல் ஆறு மாசம் சம்பளம் வாங்கினா. ஏழாம் மாசம் நான் நீட்ட, "வைச்சிரும்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. அதோடை நானும் நீட்டுறதை விட்டன். ரெண்டு பேருக்கும் விளங்கின அலுவல்தான்.

எப்ப விளங்கினது எண்டா, அதுக்கு முதல் ஒருநாள், பக்கத்து வீட்டுப் பொம்பிளையை அம்மாவோடை விட்டிட்டு நாங்கள் ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போய்ச் சைக்கிளிலை வந்துகொண்டிருந்தம். குண்டு போடுற பொம்மர் வந்திட்டுது. றோட்டுச் சனம் முழுக்க வேலி பாய்ஞ்சு ஓடுது. ஆரோ ஒருத்தற்றை வளவுக்குள்ளை ஒரு பங்கர், பதுங்குகுழி. நான் வாசல் மட்டும் போய் நிண்டிட்டன். உள்ளுக்கை கணுக்கால் மட்டும் சேத்துத் தண்ணி, அதிலை தவளை, வேறை என்னென்ன கிடந்ததோ ஆருக்குத் தெரியும். "நான் மாட்டன்" எண்டன். மேலை பொம்மர் குத்தி இறங்கிறான், நான் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "நான் மாட்டன்" எண்டு நிக்கிறன். விசரி. அவ என்ரை கையைப் பிடிச்சு ஒரே இழுவை. "தவளை உங்களைத் தின்னாது, ரீச்சர். மேலை நிக்கிறவன் தின்னுவான்" எண்டா.

குண்டு விழுந்தது எங்கையோ அங்காலை. மண் கொட்டுது. என்ரை காலிலை குளிராய் ஒண்டு ஏறிச்சுது, நான் குளறினன். அவ இருட்டுக்குள்ளை தடவி அந்தத் தவளையைக் கையாலை எடுத்து எறிஞ்சுபோட்டு, என்ரை ரெண்டு காலையும் சேத்தோடை தூக்கித் தன்ரை மடியிலை வைச்சா. வைச்ச கையை எடுக்கேல்லை. நானும் காலை எடுக்கேல்லை. என்னை ஆரும் தொட்டா எனக்கு மேல் கூசும். அண்டைக்குக் கூசேல்லை. பொம்மர் போய் வளவுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் உள்ளுக்கையோ இருக்கிறியள்?" எண்டு கேட்ட பிறகுதான் வெளியிலை வந்தம். வரேக்கை நான் அவவின்ரை முகத்தைப் பார்க்கேல்லை, வெக்கத்திலை.

அடுத்த வருசம் எனக்குப் பெரும்பாடு தொடங்கிச்சுது. மாதவிடாய் நிக்கிற வயசிலை சில பேருக்கு நிக்காமல் போகுமே, அது. இருந்த இடமெல்லாம் ஊறும். பஞ்சு இல்லை, சவுக்காரம் இல்லை, எல்லாத்துக்கும் அரசாங்கத்தின்ரை தடை. பழஞ்சீலையைக் கிழிச்சுக் கிழிச்சுப் பாவிச்சு ஒளிச்சு வைப்பன். ஒருநாள் காலமை எழும்பிப் பார்க்க அந்தத் துணியெல்லாம் கிணத்தடிக் கொடியிலை வெள்ளையாய்க் காயுது. எனக்கு உசிர் போச்சு. ஓடிப்போய், "உதெல்லாம் நீங்கள் ஏன் தொட்டனீங்கள்? சீ! எனக்கு அரியண்டமாக் கிடக்கு" எண்டு கத்தினன். கத்தேக்கையே அழுதன். அவ கையிலை இன்னும் ஒரு துணி, பிழிஞ்சுகொண்டு நிண்டா.

"உடம்புதானே" எண்டா. கொஞ்சம் விட்டு, "உம்மடை உடம்புதானே" எண்டா.

அதுக்குப் பிறகு நாங்கள் ஒரே அறை, ஒரே பாய். புருசன் பெண்சாதி போலத்தான் இருந்தனாங்கள். வாசிக்கிற உங்களிலை ஆருக்கும் உது அரியண்டமா இருந்தா, இருக்கட்டும். நான் கண்ட அரியண்டம் வேறை.

சண்டை பிடிக்காமலும் இல்லை. சவுக்காரக் கட்டியொண்டை நூலாலை எட்டுத் துண்டாய் வெட்டி ஒளிச்சு வைச்சிருப்பா. நான் ஒரு நாளிலையே ஒரு துண்டைத் தேய்ச்சு முடிச்சிடுவன். "உம்மடை கையிலை என்ன, தோலை உரிக்கப் போறீரோ?" எண்டு கத்துவா. மீன் தீயல் காய்ச்சின சட்டியைக் கழுவாமல் குசினிக்குள்ளை வைச்சா நான் ஒரு கிழமை கதைக்க மாட்டன். அவ கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு எனக்காக இருபத்தைஞ்சு நாளும் மச்சம் விட்டிருப்பா. நான் அவவோடை மாதா கோயிலுக்குப் போய்ப் பின் வாங்கிலிலை லேஞ்சியை விரிச்சுப்போட்டு இருந்து வருவன். அந்த நாலு வருசம் மாதிரி ஒரு காலம் எனக்கு வாழ்க்கையிலை இல்லை. மேலை குண்டு, கீழை தட்டுப்பாடு, அறைக்குள்ளை அம்மாவின்ரை புண்; நான் ராசாத்தி மாதிரி இருந்தன்.

அம்மா தொண்ணூற்றிநாலிலை, அவவின்ரை கையிலைதான் செத்தா. உடம்பைத் துடைச்சு, புண்ணைக் கட்டி, வெள்ளைச் சீலை சுத்தினது அவ. பிறகு சொந்தக்காரப் பொம்பிளையள் வந்திச்சினம். செத்த வீட்டுக் குளிப்பாட்டு தாங்கள்தானாம் செய்ய வேணும். நாலு வருசமாய் ஒருத்தியும் எட்டிப் பார்க்காதவை சுத்தி நிண்டு, அரப்பும் எண்ணெயும் விரல் நுனியாலை தொட்டு வைச்சுப்போட்டு மூக்கைத் துடைச்சினம். மச்சாள் அவவைப் பார்த்து, "நீ உதிலை நிக்காதை, கிணத்தடியிலை கழுவ ஏதனம் கிடக்கு" எண்டாள். அவ போனா. நான் பார்த்துக்கொண்டு நிண்டன். அதுக்கே என்ரை நாக்கு அழுகியிருக்க வேணும்.

அதைவிட ஊத்தையான வேலை பிறகுதான் செய்தன்.

எங்கடை பக்கத்திலை ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எண்டு ஒரு புத்தகம் அடிக்கிறது வழக்கம். செத்தவரின்ரை படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, கடைசிப் பக்கத்திலை நன்றி. சாப்பாட்டுக்கு வந்த எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்து விடுவினம். அப்ப கடுதாசி இல்லாத காலம். அச்சுக்கூடக்காரர் கோடு போட்ட கொப்பித் தாளிலை நூறு அடிச்சுத் தாறன் எண்டவர். தம்பி, "அக்கா, நீங்கள் தமிழ் ரீச்சர்தானே, நீங்களே எழுதித் தாங்கோ" எண்டான். எழுதினன். நன்றியிலை முதல் வரி இப்பிடி எழுதினன்: "எங்கள் அன்னையை நான்கு ஆண்டுகள் தன் தாயாகப் பேணிய, என் வாழ்வின் துணைக்கு." அவவின்ரை பேரும் போட்டன்.

தம்பி வாசிச்சுப்போட்டுத் தாளை மேசையிலை வைச்சான்.

"அக்கா, உது என்ன எழுத்து?"

"ஏன், பிழையோ?"

"ஊர் சிரிக்கும். ஏற்கனவே சிரிக்குது, உங்களுக்குத்தான் கேக்கேல்லை. வேலைக்கு வந்த மனுசியைப் பேர் போட்டுத் துணை எண்டு எழுதினா, நாளைக்கு என்ரை பெட்டையளுக்கு ஆர் சம்பந்தம் பேசி வருவினம்? தாய்க்கு எழுதுற புத்தகத்தை நாறப்பண்ணாதேங்கோ."

நாறப்பண்ணாதேங்கோ எண்டு அவன் சொல்லுறான், தாயின்ரை அறை நாறுது எண்டு வாசல்நிலை தாண்டாதவன். அந்த நேரம் நான் அவன்ரை முகத்திலை துப்பியிருக்க வேணும். துப்பேல்லை. பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினன். ஊர், பள்ளிக்கூடம், அதிபர், அயலட்டை, எல்லாம் கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டுது. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல் போட்டவைக்கும் பிறகு, "வீட்டு வேலைகளில் உதவிய பணிப்பெண்ணுக்கும்" எண்டு எழுதினன். என்ரை வடிவான கையெழுத்திலை எழுதினன். பேரும் போடேல்லை.

அந்தியேட்டியண்டு பின்னேரம் சனம் கலைஞ்ச பிறகு, குசினி வாசலிலை நிண்டு அவ அந்தப் புத்தகத்தை வாசிச்சா. வாழ்க்கை வரலாறு வாசிச்சா. வம்சாவழியைப் பார்த்தா, தம்பியின்ரை பேருக்குப் பக்கத்திலை கலியாணத்துக்கு அடையாளமாய்ச் சின்னதா ரெண்டு கோடு, அங்காலை மச்சாளின்ரை பேர். என்ரை பேருக்குப் பக்கத்திலை ஒண்டுமில்லை. பிறகு கடைசிப் பக்கம். நான் பாத்திரம் அடுக்கிற மாதிரி நிண்டன்.

"உது தம்பி எழுதினதோ, நீர் எழுதினதோ?"

"நான்தான்."

அவ நிமிந்து என்னைப் பார்த்தா. கக்கூசுக்குள்ளை கையை விட்டபோது சுழியாத முகம், அம்மாவின்ரை புண்ணுக்குச் சுழியாத முகம், என்னைப் பார்த்துச் சுழிச்சுது. சரியா ஒரு நிமிசம். பிறகு புத்தகத்தைத் தட்டிலை வைச்சுப்போட்டு, கிடந்த ஏதனம் எல்லாத்தையும் ஒண்டு விடாமல் கழுவிக் கவிட்டா. அடுத்த நாள் காலமை, "அக்காவின்ரை வீட்டை போறன்" எண்டு ஒரு பையோடை போயிட்டா. நான் தடுக்கேல்லை. எந்த வாயாலை தடுக்கிறது?

பத்து நாள் பொறுத்துப்போட்டுக் குருநகருக்குச் சைக்கிள் உழக்கினன். அவவின்ரை தமக்கையின்ரை வீடு, செல் விழுந்து பாதிக் கூரை இல்லை. முற்றத்திலை தமக்கையும் அயல் பொம்பிளையள் ரெண்டு பேரும் இருந்து கதைச்சுக்கொண்டு மீன் வெட்டிச்சினம். நடுவிலை அவ. குடலும் செதிலும் காலடியிலை. நான் அதுக்குள்ளை கால் வைச்சு நிண்டு, "வீட்டை வாரும்" எண்டன்.

கத்தியை நிப்பாட்டாமல் கேட்டா: "என்னவா வாறது?"

மற்ற மூண்டு பேரும் வெட்டுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்திச்சினம். ஒரு சொல்லுத்தானே? இருபத்தைஞ்சு வருசம் தமிழ் படிப்பிச்சவளுக்கு ஒரு சொல்லு வரேல்லை. "அதை வீட்டை போய்க் கதைப்பம்" எண்டன்.

"அப்ப நீங்கள் போயிட்டு வாங்கோ, ரீச்சர்."

இத்தினை வருசத்துக்குப் பிறகு எனக்கு ரீச்சர் எண்டு சொன்னா. திரும்பி வாற வழியிலை ஆனைப்பந்தியடியிலை சைக்கிளை நிப்பாட்டி, மதகிலை இருந்து அழுதன். போற வாற சனம் பார்த்துது. ஊர் பார்க்கும் எண்டுதானே அந்த வரியை வெட்டினன்? இப்ப நல்லாப் பார்க்கட்டும் எண்டு இன்னும் குளறி அழுதன்.

வீட்டை வந்து படுத்தன். மூண்டு நாள் பள்ளிக்கூடம் போகேல்லை, குளிக்கேல்லை. நான்! என்ரை மேல் மணம் எனக்கே அடிச்சுது. எழும்பிக் கழுவ மனம் வரேல்லை, ஏனெண்டா உள்ளுக்கை கிடந்ததுதான் கூட நாறினது. நாலாம் நாள் முழுகினன். கஞ்சி போட்ட சீலை உடுத்தன். பேனைக்கு மை விட்டன். கல்வெட்டு வாங்கின ஆக்களின்ரை பட்டியலை எடுத்துக்கொண்டு சைக்கிளிலை ஏறினன்.

முதல் வீடு வாசிகசாலைத் தலைவர் வீடு. "ஐயா, அம்மாவின்ரை கல்வெட்டை ஒருக்காத் தாங்கோ. அதிலை ஒரு பிழை இருக்கு, திருத்த வேணும்" எண்டன். நல்ல மனசோடை கொண்டு வந்து தந்தார். நான் கதிரையிலை இருந்து கடைசிப் பக்கத்திலை அந்தப் பணிப்பெண் வரியை வெட்டினன். வம்சாவழிப் பக்கத்தைத் திறந்து, என்ரை பேருக்குப் பக்கத்திலை ரெண்டு கோடு போட்டு, அவவின்ரை பேரைத் தேப்பன் பேரோடை முழுசா எழுதினன். ஊதிக் காய வைச்சுக் குடுத்தன். வாசிச்சுப்போட்டு மனுசன் என்னைப் பார்த்த பார்வை!

"பிள்ளை, உது என்ன கூத்து?"

"கூத்தில்லை ஐயா. விட்டுப்போன பேர்."

"உமக்குத் தாய் செத்த கவலை. போய் ஆறுதலாப் படும்."

"படுத்து எழும்பித்தான் வாறன்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போனன்.

எட்டு நாள் திரிஞ்சன். எத்தினை வீடு, எத்தினை முகம்! ஒருத்தி புத்தகத்துக்கு மேலை கேத்திலை வைச்சிருந்தாள். அம்மாவின்ரை முகத்திலை வட்டமாய்க் கரி. இன்னொரு வீட்டிலை நான் எழுதி முடிச்சு எழும்ப, நான் இருந்த கதிரையைத் தண்ணி ஊத்திக் கழுவிச்சினம், நான் படலை தாண்ட முதலே. அட, கதிரை கழுவுற ஆளாய் நான் இருந்தனான், இப்ப கழுவப்படுற ஆளானன் எண்டு சிரிப்பும் வந்தது, கொதியும் வந்தது. தபால்காரரின்ரை மனுசி மட்டும் உள்ளுக்குப் போய் ரெண்டு புத்தகம் கொண்டு வந்தா. "இவருக்கொண்டு எனக்கொண்டு தந்தவை. ரெண்டிலையும் எழுதுங்கோ, ரீச்சர்" எண்டு சொல்லித் தேத்தண்ணியும் வைச்சா. அவவின்ரை கோப்பையிலை குடிச்சன்.

அதிபர் கூப்பிட்டு, பெற்றார் கதைக்கினம் எண்டார். "கதைக்கட்டும் சேர். என்னை நிப்பாட்டுறதெண்டா எழுத்திலை தாங்கோ" எண்டன். தரேல்லை. ஆனா ஓய்வறையிலை என்ரை கதிரைக்குப் பக்கத்திலை பிறகு ஒருத்தரும் இருக்கேல்லை. தம்பி ஆறாம் நாள் மோட்டார் சைக்கிளிலை பறந்து வந்தான். படலைக்கு வெளியிலை நிண்டு, "அசிங்கம் பிடிச்சவளே, பரம்பரையை நாறடிச்சுப்போட்டாய். நீ எனக்கு அக்கா இல்லை" எண்டு தன்ரை கல்வெட்டை நாலாய்க் கிழிச்சு எறிஞ்சான். அம்மாவின்ரை படமும் சேர்ந்து கிழிஞ்சுது. "டேய், பொறுக்கிக்கொண்டு போ. என்ரை வாசலிலை ஊத்தை போடாதை" எண்டன். பொறுக்கேல்லை. நான்தான் குனிஞ்சு பொறுக்கினன்.

ஒம்பதாம் நாள், நல்ல வெய்யில் நேரம், அவ படலையடியிலை வந்து நிண்டா. கையிலை அதே பை. வேர்த்து ஒழுகுது. உள்ளுக்கு வரேல்லை.

"எங்கடை மீன்காரர் வந்து சொன்னவர்" எண்டா. "இணுவில் ரீச்சருக்கு விசர் பிடிச்சு வீடு வீடாய் எழுதித் திரியிறாவாம் எண்டு."

"ஓம்" எண்டன். "விசர்தான். உள்ளுக்கு வாரும்."

"பொறும். என்ன எழுதினீர்?"

நான் சொன்னன். ரெண்டு கோட்டையும் சொன்னன். றோட்டிலை ரெண்டு பேர் சைக்கிளிலை போச்சினம், நான் குரலைக் குறைக்கேல்லை. அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டா. கண் கலங்கினதோ, வேர்வையோ, எனக்குத் தெரியேல்லை.

"எத்தினை வீட்டிலை?"

"அறுபத்திமூண்டு."

"மிச்சம்?"

"தரமாட்டினமாம். ஒரு பதினெட்டு வீடு. படலையைச் சாத்திப்போட்டினம். ஒருத்தர் நாயை அவிட்டு விட்டவர்."

"ஆர் அந்த நாய்க்காரர்?"

சொன்னன். அவ பையைப் படலைக்கு உள்பக்கமாய் வைச்சா. முந்தானையாலை முகத்தைத் துடைச்சா.

"சைக்கிளுக்குக் காத்து இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப வெளிக்கிடும். என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டமெண்டு சொல்லட்டும்."

நான் பேனையை எடுக்க உள்ளுக்கு ஓடினன்.